மாடு பார்த்து வாங்கிய வீடு

எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். தமிழ்ப்பள்ளியில் ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். அதிலும் நடுவில் கொஞ்சத்தை யுத்தம் தின்றுவிட்டது. எந்த இடத்தில் பெரிய 'ற', எந்த இடத்தில் சின்ன 'ர' என்று இன்றைக்கும் தடுமாறுகிறேன். கையெழுத்தோ, மழைக்கு ஒதுங்கிய கோழிகள் மாதிரி ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கும். நாலு பேர் முன்னால் வாய் வராதவன் என்பதால்தான் எழுதுகிறேன். நம் வயதுக்காரர்கள், மரவள்ளிக்கிழங்கைத் தின்று ஜப்பான்காலத்தைத் தாண்டியவர்கள், படித்தால் போதும்.

பிரிக்பீல்ட்ஸில் ரயில் குவார்ட்டர்ஸுக்குப் பின்னால், ஆற்றை ஒட்டிய பள்ளத்தில் எங்கள் மாட்டுக்கொட்டகை இருந்தது. அப்பா பால்காரர். கொட்டகையின் ஒரு கோடியில் மாடுகள், மறு கோடியில் நாங்கள். நடுவில் இடுப்புயரத்துக்குப் பலகை, அதற்குமேல் சாக்கு. அத்தாப்பு ஓலைக் கூரை. மழை வந்தால் அம்மா பாய்களைச் சுருட்டிக்கொண்டு ஒழுகாத இடம் தேடி நகர்ந்துகொண்டே இருப்பாள். தரை காய்ந்து நான் பார்த்ததில்லை. என் உடம்பில், சட்டையில், சோற்றில் எல்லாம் சாணி வாசம். அப்போது அது எனக்கு வாசமாகவே தெரியாது. பள்ளிக்கூடத்தில் பக்கத்துப் பையன் மூக்கைப் பொத்தியபோதுதான் தெரிந்தது.

எனக்குப் பின்னால் இரண்டு பேர் அந்தக் கொட்டகையில் பிறந்தார்கள். இரண்டு பேருமே மழைமாதத்தில் நெஞ்சில் சளி கட்டிப் போய்விட்டார்கள். இரண்டு தடவையும் அப்பா பழைய வேட்டியில் சுற்றி, மார்போடு அணைத்து எடுத்துக்கொண்டு போனார். அம்மா அழுததாக எனக்கு ஞாபகமில்லை. கூரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

ஜப்பான்காரன் வந்த இரண்டாவது வருஷம் அம்மா மறுபடியும் மாசமாக இருந்தாள். மழைமாதத்துக்குள் குழந்தை பிறந்துவிடும் என்றார்கள்.

"இன்னொண்ண இங்க பெத்துக் குடுக்க மாட்டேன். ஒரு ஓட்டு வீடு பாருங்க" என்று அம்மா சொன்னாள். அப்பாவிடம் அவள் அப்படிக் கேட்டு நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

ஊரே பட்டினி கிடந்த காலத்தில் பால்காரனிடம் மட்டும் காசு இருந்தது. ஜப்பான் ஆஸ்பத்திரிக்கு அப்பா பால் ஊற்றினார். அதற்காகக் கையில் ஒரு துணிப்பட்டை கொடுத்திருந்தார்கள். அதைக் கட்டிக்கொண்டு போனால் சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடிக்கிறவன் தொட மாட்டான். வாழைமரம் போட்ட ஜப்பான் நோட்டுகள் தீவனச் சாக்குக்குள் கிடந்தன. அவற்றை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று அப்பாவுக்குத் தெரியவில்லை.

விற்பனைக்கு வந்த வீடு கிராணி ஐயாவுடையது. அவர் யாழ்ப்பாணத்துக்காரர், ரயில் ஆபீஸில் கணக்கெழுதும் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவர். மேட்டில், அவரைப் போன்ற கிராணிமார் வீடுகள் வரிசையாக இருந்த தெருவில் அது நின்றது. பழைய வீடு. செங்கல் தூண்கள் மேல் பலகைத் தரை. அடியில் ஓர் ஆள் குனிந்து போகலாம். முன்னால் அகலமான மரப்படிகள். வாசற்கதவுக்கு மேலே சிவப்பும் பச்சையுமாகக் கண்ணாடி. காலை வெயிலில் அந்த நிறங்கள் கூடத்துப் பலகையில் விழுந்து கிடக்கும். அறைக்கு அறை கதவின் மேல் காற்று வர மரத்தில் கொடி கொடியாக அறுத்திருந்தார்கள். ஓட்டுக் கூரை. முற்றத்து ஓரம் இரண்டு முருங்கை.

இதெல்லாம் கீழிருந்து பார்த்தது. பால் ஊற்றப் போகும்போது நானும் அப்பாவும் கடைசிப் படியோடு நின்றுகொள்வோம். ஐயாவின் மனைவி செம்போடு இறங்கி வருவார். யுத்தம் வந்த வருஷம் அந்த அம்மா காய்ச்சலில், மருந்து கிடைக்காமல் போய்விட்டார். வெள்ளைக்காரன் கொடுத்த பென்ஷன் நின்றது. இலங்கையில் இருந்த ஒரே மகளிடமிருந்து கடிதமும் நின்றது. ஐயா வீட்டை விற்றுவிட்டுக் கிள்ளானில் ஓர் அறை எடுத்துத் தங்கி, என்றைக்குக் கப்பல் ஓடுகிறதோ அன்றைக்கு மகளிடம் போய்விட நினைத்தார்.

பழைய மரம் வாங்கி விற்கும் ஒருவர் கூடுதலாகத் தருவதாகச் சொல்லியிருந்தார். ஆனால் அவருக்கு வீடு வேண்டாம்; பலகையும் ஓடும்தான் வேண்டும். "பிரிச்சு லோரியில ஏத்த ரெண்டு நாள் போதும்" என்றாராம். ஐயாவுக்கு அது பிடிக்கவில்லை. அதனால்தான் அப்பாவைக் கூப்பிட்டார்.

எதிர்வீட்டு அம்மா தன் வாசலில் நின்றபடியே, "இனி எங்கட ரோட்டில மாடுதான் குடியிருக்கப் போகுது" என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்.

அப்பா விலையைக் கேட்டார், தலையாட்டினார். ஆனால் வெற்றிலை மாற்றவில்லை.

"ஐயா, ஒண்ணே ஒண்ணு. மாட்டை ஒரு தரம் வீட்டுக்குள்ள ஏத்திப் பாக்கணுங்க."

"என்ன காணும் சொல்லுறீர்?"

"மனுசன் கண்ணு ஏமாத்திப்புடும்ங்க. மாடு ஏமாத்தாது. மாடு உள்ள போயி, படுத்து, அசை போட்டுச்சுன்னா நல்ல வீடு. முரண்டு புடிச்சா வேணாம். எங்கப்பா காலத்துலேருந்து அப்படித்தாங்க."

வீடு வாங்கியபின் பால் காய்ச்சும் நாளில்தான் மாட்டை முதலில் உள்ளே விடுவார்கள். வாங்குவதற்கு முன்னாலேயே மாட்டைக் கேட்டது எங்கள் அப்பா ஒருவராகத்தான் இருக்கும்.

ஐயா சாய்மனைக் கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "உம்மட மாடென்ன, பி.டபிள்யூ.டி. இஞ்சினியரோ?" என்றவர் சிரித்துவிட்டார். அவர் சிரித்து அந்தத் தெரு பார்த்து வெகு நாளாகியிருந்தது. "சரி, சரி. கொண்டு வாரும்."

ஒரு வெள்ளிக்கிழமை காலையில் எங்கள் செவலைப் பசுவைக் குளிப்பாட்டி, நெற்றியில் மஞ்சள் பூசி ஓட்டிக்கொண்டு போனோம். கன்று முன்னால், அதன் கயிறு என் கையில். கன்று துள்ளிப் படியேறியது. செவலை ஒரு கணம் நின்று, கன்றைப் பார்த்து "ம்மா" என்றுவிட்டு ஏறியது. கூடத்துப் பலகையில் குளம்பு பட்டதும் வீடே மேளம் கொட்டியது. நடுக்கூடத்தில், அந்தச் சிவப்பு பச்சை வெளிச்சத்தில் நின்று, வாலைத் தூக்கிச் சாணி போட்டது.

"மகாலட்சுமி!" என்று அப்பா கீழிருந்து கும்பிட்டார்.

"ஐயோ, என்ர பலகை!" என்றார் ஐயா.

பிறகு செவலை முன்னங்காலை மடித்துப் படுத்தது. கண்ணை மூடி அசை போட்டது. அப்பாவுக்குக் கண் கலங்கிவிட்டது. படியின் கீழேயே நின்று வெற்றிலை பாக்கோடு பணத்தை நீட்டினார். ஐயா இறங்கி வந்து வாங்கிக்கொண்டார். வீடு எங்களுக்கு என்று ஆயிற்று.

மாட்டை இறக்கப் போனபோதுதான் தெரிந்தது. செவலை படி விளிம்புவரை வந்தது, கீழே பார்த்தது, நாலு காலையும் ஊன்றிக்கொண்டு நின்றுவிட்டது. அப்பா கயிற்றை இழுத்தார். இரண்டு பேர் பின்னால் தள்ளினார்கள். புல் காட்டினோம், தவிடு காட்டினோம். வாலை முறுக்கியவர் ஓர் உதை வாங்கினார். பிறந்ததிலிருந்து சமதரையில் நின்ற மாடு. ஏறத் தெரிந்த மாட்டுக்கு இறங்கத் தெரியாது என்று, மாடே உலகம் என்று வாழ்ந்த எங்கள் அப்பாவுக்குத் தோன்றவில்லை. தெரு முழுக்க வேலியோரம் கூடிவிட்டது.

"அண்ணே, மாட்டுகிட்ட வாடகை வாங்குங்க லா!" என்று ரயில்வே பையன் ஒருவன் கத்தினான்.

ஐயா அமைதியாகச் சொன்னார்: "பால்காரர், வீட்டை நீர் வாங்கேல்லை. மாடுதான் வாங்கியிருக்குது."

இழுத்தால் கால் ஒடியும் என்று அப்பா விட்டுவிட்டார். மாடும் கன்றும் கூடத்திலேயே தங்கின. பால் கறக்க யாராவது போக வேண்டும். அந்த நேரத்தில் அப்பா பால் ஊற்றும் சுற்றில் இருப்பார். அதனால் அம்மா போனாள், துணைக்கு நான்.

அம்மா அந்தப் படிகளை ஏறியது என் கண்ணில் அப்படியே இருக்கிறது. ஒரு கையால் வயிற்றைத் தாங்கி, ஒரு கையால் கைப்பிடியைப் பிடித்து ஏறினாள். உள்ளே போனதும் மாட்டைப் பார்க்கவில்லை. குனிந்து பலகையைத் தொட்டாள். உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாள். ஈரம் இல்லை. சுவரைத் தொட்டாள். அதிலும் இல்லை. உள் அறைச் சன்னலோரம் போய் நின்று மூச்சு வாங்கினாள். சாணி வாசமில்லாத காற்றை அவள் அன்றுதான் இழுத்தாளோ என்னவோ.

"தங்கச்சி, இதில இரும்" என்று ஐயா தன் கதிரையை இழுத்துப் போட்டார். அம்மா அதில் உட்காரவில்லை. பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

அடுப்பில் ஐயா கிழங்கை உப்பில்லாமல் அவித்து வைத்திருந்தார். அம்மா அதைப் பார்த்தாள், கீழே போய் முருங்கைக்கீரை உருவி வந்தாள். தேங்காய்ப்பால் விட்டு ஒரு சொதி வைத்தாள். ஐயா முதல் கவளத்தை வாயில் வைத்துவிட்டு வெகுநேரம் மெல்லாமல் இருந்தார். "என்ர மனுசி வைக்கிற மாதிரி இல்லை. ஆனா நல்லாயிருக்குது" என்றார்.

அந்த நாட்களில் அவர்கள் இரண்டு பேரும் என்னென்னவோ பேசிக்கொண்டார்கள். நான் கன்றோடு வீடு முழுக்க ஓடிக்கொண்டிருந்தேன். ஒரு தடவை மட்டும் காதில் விழுந்தது.

"ரெண்டையும் அங்கதாங்க பறிகுடுத்தேன். இதை உங்க உள்ரூமுல பெத்துக்கிட்டா பொழச்சுக்கும்னு மனசு சொல்லுது."

"ஓம். காத்தும் வெளிச்சமும் உள்ள அறை. என்ர மகளும் அதிலதான் பிறந்தவ."

மாடு இறங்காத சேதி கம்போங் குடியிருப்பு முழுக்கப் பரவியது. செந்தூலிலிருந்து அத்தை வந்துவிட்டாள். அப்பாவுக்கு அக்கா, அவள் பேச்சுக்கு அப்பா மறுபேச்சுப் பேசியதில்லை.

"ஏன்டா தம்பி, புத்தி இருக்கா ஒனக்கு? அந்த வீட்டுல செத்தவ மாட்டைப் புடிச்சு வெச்சிருக்கா. இன்னிக்கு மாடு. நாளைக்குப் புள்ளத்தாச்சிய புடிப்பா. வெத்தலைய திருப்பிக் குடுத்துட்டு வா."

அப்பாவின் முகம் வெளுத்தது. இரண்டு குழந்தைகளைக் கையில் எடுத்துக்கொண்டு போன மனிதர் அவர். "பிடிப்பாள்" என்ற ஒரு சொல் போதுமாக இருந்தது. ஐயாவிடம் போய், படியின் கீழே நின்று, வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

ஐயா கோபப்படவில்லை. "மரக்காரர் வெள்ளிக்கிழமை வாறாராம்" என்று மட்டும் சொன்னார்.

அம்மா அப்போது உள்ளே பால் கறந்துகொண்டிருந்தாள். வாளியோடு வாசலுக்கு வந்தாள்.

"எறங்கி வா புள்ள, போவலாம்" என்றார் அப்பா.

"மாட்டை எறக்குங்க. மாடு எறங்குனா நானும் எறங்குறேன்."

"என்ன பேச்சு இது? ஊரு பாக்குது."

"பாக்கட்டும். ஒரு வாயில்லா சீவனுக்குத் தெரிஞ்சது ஒங்களுக்குத் தெரியலியே."

சொல்லிவிட்டுக் கூடத்தில் செவலையின் முதுகில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டாள். அத்தை கீழிருந்து கத்தினாள், மண்ணை வாரித் தூற்றினாள். எதிர்வீட்டு அம்மா கூடச் சன்னலை மூடவில்லை. தனியாக ஒரு பெண் இருக்கும் வீட்டில் தான் இருப்பது சரியில்லை என்று ஐயா கதிரையையும் குடையையும் தூக்கிக்கொண்டு முருங்கையடிக்குப் போய்விட்டார். தன் வீட்டை விட்டே அவர் வெளியேறினார். வாங்கியவரோ உள்ளே வரவே இல்லை. வீட்டுக்குள் அம்மாவும் மாடும் கன்றும் நானும்தான்.

மறுநாள் அப்பா ரயில்வே ஆட்களைக் கூட்டி வந்தார். பழைய சிலீப்பர் கட்டைகளைப் படிமேல் சரிவாக அடுக்கி, மண் கொட்டி, சாக்கு விரித்தார். முதுகில் வேர்வை ஓட, மத்தியானம் வரை வேலை செய்தார். சரிவு நல்ல அகலமாக இருந்தது.

செவலையின் கயிற்றை நான் அவிழ்த்து விட்டேன். வாசலுக்கு வந்தது. சரிவை முகர்ந்தது. பிறகு ஒன்றுமே நடக்காததுபோல் மெள்ள மெள்ள இறங்கிக் கீழே போய் நின்றது. வேலியோரத்துக் கூட்டம் கைதட்டியது. அத்தை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "சாமி காப்பாத்திடுச்சு. ஏய், இப்ப நீ எறங்கு" என்றாள்.

அம்மா வாசலுக்கு வரவில்லை. நான் திரும்பிப் பார்த்தேன். உள் அறைச் சன்னல் கம்பியில் கன்றைக் கட்டியிருந்தாள். பக்கத்தில் நின்று அதன் காதைத் தடவிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் ஒன்றும் சொல்லாதே என்பதுபோல் தலையை அசைத்தாள். கன்று அடிவயிற்றிலிருந்து ஒரு குரல் கொடுத்தது.

கீழே செவலை காதை விடைத்தது. சடாரென்று திரும்பியது. அப்பாவின் கையிலிருந்த கயிற்றையும் பறித்துக்கொண்டு, அந்தப் புது மண்ணில் குளம்பு பதிய ஏறி வந்து, கூடத்தைத் தாண்டி உள் அறைக்கே போய்விட்டது.

அப்பா மேலே பார்த்தபடி நின்றார். பிறகு அத்தையிடம் சொன்னார்: "பாத்தியாக்கா? வழி இருந்தும் வேணாம்னுடுச்சு. இந்த வீடுதான். இனிமே யாரும் பேசக்கூடாது."

முருங்கையடியில் ஐயா குடையை முகத்துக்கு நேராகச் சாய்த்துக்கொண்டார். அவர் தோள் குலுங்குவது மட்டும் தெரிந்தது.

அம்மா அப்பாவை ஏமாற்றிவிட்டாள் என்றுதான் வெகுகாலம் நினைத்திருந்தேன். அப்பா சாகும்வரை அவரிடம் இதைச் சொல்லவும் இல்லை. இப்போது எனக்கே தலை நரைத்தபின் தோன்றுகிறது. கன்று கூப்பிட்டால் மாடு திரும்பும் என்பது ஒரு பால்காரனுக்குத் தெரியாதா? கன்றின் குரல் தெருவுக்கே கேட்டதே. அக்காவை மீற அவருக்கு ஒரு வழி தேவைப்பட்டது. அம்மா மேலே இருந்து நீட்டினாள், அவர் கீழே இருந்து பிடித்துக்கொண்டார். இரண்டு பேரும் அதைப் பற்றி ஒருநாளும் பேசிக்கொண்டதாக எனக்குத் தெரியவில்லை.

மாடுகளைத் தூண்களுக்கு நடுவே, வீட்டின் அடியில் கட்டினோம். ஐயா கிள்ளானுக்குப் போகவில்லை. "கப்பல் வருமட்டும் முன் அறையில இருக்கிறன். சோறு போட்டால் காணும்" என்றார். யுத்தம் முடியும்வரை இருந்தார். அவர் வாங்கிய நோட்டெல்லாம் அப்போது அடுப்பெரிக்கும் காகிதமாகியிருந்தது. அப்பா மனசு கேட்காமல், அம்மாவின் வளையலைக் கொண்டுபோய் நீட்டினார்.

"அப்ப நான் சாப்பிட்ட சொதிக்கு என்ன விலை? சொல்லும் பார்ப்பம்" என்றார் ஐயா. வளையலை அப்பாவின் கையிலேயே திருப்பி வைத்து மூடிவிட்டு, கிள்ளான் துறைமுகத்துக்கு வண்டி ஏறினார். அந்தக் குடையை மறந்து விட்டுவிட்டுப் போனார். அது எங்கே போயிற்று என்று தெரியவில்லை. அந்தச் சிவப்பு பச்சைக் கண்ணாடியும் அப்படித்தான். பல வருஷம் கழித்து வீட்டை இடித்த அன்று போய்க் கேட்டேன், உடைந்துவிட்டது என்றார்கள்.

நான் எழுத வந்தது குழந்தை பிறந்ததைத்தான். வீட்டுக்கு வந்து சில வாரம் கழித்து, ஒரு மத்தியானம் அம்மாவுக்கு வலி எடுத்தது. மருத்துவச்சியும் அத்தையும் உள் அறைக்குப் போனார்கள். ஆமாம், அத்தையேதான், வெந்நீர் வைத்ததும் அவள்தான். ஐயா முன் அறையில் தேவாரம் முணுமுணுத்தார். அப்பாவை எங்கும் காணவில்லை. தேடிப் போனேன். வீட்டின் அடியில், அந்த அறைக்கு நேர் கீழே, மாடுகளுக்கு நடுவில் குனிந்து நின்றிருந்தார். மேலே அம்மாவின் முனகல். பலகைக்குமேல் கால்கள் அங்குமிங்கும் நடக்கும் சத்தம். பிறகு ஒன்றுமில்லை. பிறகு, தூண் தூணாக இறங்கி வந்ததுபோல, குழந்தையின் அழுகை.

அப்பா இரண்டு உள்ளங்கைகளையும் மேலே தூக்கி அந்தப் பலகையில் வைத்தார். அழுகை நிற்கும்வரை எடுக்கவில்லை.

அந்த மாதமே மழை பிடித்தது. ஆறு ஏறி வந்து எங்கள் பழைய கொட்டகையின் கூரை மட்டும் தெரிந்தது. நாங்கள் மேலே இருந்தோம். தங்கைக்கும் சளி பிடித்தது. அம்மா மூன்று ராத்திரி அவளை மடியைவிட்டு இறக்கவில்லை. ஐயா கரி அடுப்பை அறைக்குள் வைத்து அனல் மூட்டினார். அப்பா வேட்டி மூலையை விரலில் சுற்றிக்கொண்டு கதவோரத்தில் உட்கார்ந்தே இருந்தார். நாலாம் நாள் விடிந்தபோது தங்கை வீறிட்டு அழுது பால் குடித்தாள்.

மழைமாதம் முடிந்தது. அந்த வருஷம் எங்கள் வீட்டிலிருந்து அப்பா யாரையும் எடுத்துக்கொண்டு போகவில்லை.

எழுதி முடித்தது: 1984, கார்த்திகை மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை.